பியானோவுக்கு அடியில் என்று ஒரு வகை இல்லை

“இனிமே நீ மேல உக்காரு குட்டி. நான் கீழ போறேன்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதேக்கா.”

“எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தாங்க? ஒரு கட்டையை அமுக்கு. நல்லா இருந்தா இன்னொரு தடவை அமுக்கு. நல்லா இல்லேன்னா பக்கத்துக் கட்டைக்குப் போ. அவ்வளவுதான் சங்கீதம்.”

“உன் கை?”

“பெடலை அமுக்க ஒரு கை போதும். பேசாம ஏறு, அப்பா வர்றதுக்குள்ள.”

இந்தப் பேச்சு நடந்தபோது சின்னவளுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. ஒன்பது நாள் முன்புவரை அக்காதான் மேலே உட்கார்ந்து வாசிப்பாள். சின்னவள் பியானோவுக்கு அடியில் சுருண்டு படுத்திருந்து, அக்கா “ம்” என்றதும் இரண்டு கையாலும் பெடலை அமுக்குவாள். பியானோ அவர்கள் வாங்கியதல்ல. அந்த மூன்றாம் மாடி வாடகை வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள், மாடிப்படித் திருப்பத்தில் இறக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனது. ஏறின சாமான் ஏன் இறங்க மறுத்தது என்பது யாருக்கும் விளங்கவில்லை. அம்மா உயிரோடு இருந்தவரை அதன்மேல் துணிகளை மடித்து வைப்பாள். அம்மா போனபிறகு அக்கா அதைத் திறந்தாள்.

ஒரு மத்தியான வேளை. ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். பியானோவின் மூடியைப் பிடித்து ஓங்கி மூடினார். அக்காவின் இடது கை உள்ளே இருந்தது. அடியில் படுத்திருந்த சின்னவளுக்கு எல்லாச் சுரங்களும் ஒரே நேரத்தில் கேட்டன; பிறகு மரத்தின் சத்தம் மட்டும். அக்காவின் மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, இசை ஊக்க வாரியத்தின் நான்காம் கவுன்ட்டரில் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள் சின்னவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

“சரிங்க மேடம். இதுல நீங்க எந்த வகை?”

சின்னவள் பியானோ வாசித்துக்கொண்டே சொந்தப் பாட்டுகளைப் பாடுகிறவள். எழுதுவதும் அவளே, மெட்டுப் போடுவதும் அவளே. ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில், பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவே தினமும் மூன்று மணி நேரம் பாடினாள். அவளுடைய இரண்டு பாட்டுகள் ரேடியோவில் வந்தன. பேருந்தில் யாரோ முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறாள். “அது என் பாட்டுங்க” என்று ஒருமுறை சொன்னபோது, அந்த அம்மாள் இருக்கை மாறி உட்கார்ந்தாள்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால், ‘காரணமின்றிப் பாடுவோரால் பொதுமக்களுக்கு ஏற்படும் குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு’ மேடைகளுக்கு மட்டும் இருந்த ஒரு விதியை ஓட்டல்களுக்கும் நீட்டினார்கள். சொந்தப் பாட்டைப் பொது இடத்தில் பாட வேண்டுமானால், அந்த ஆசை சிறு வயதிலேயே முறைப்படி உண்டானது என்பதற்கு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். ஓட்டல் மேலாளர் நல்லவர்தான். “மாசக் கடைசி வரைக்கும் பாடுங்க. அதுக்கப்புறம் சான்றிதழ் இல்லாம உங்களை உக்கார வெச்சா, என்னைத் தூக்கிடுவாங்க” என்று சொல்லிவிட்டார்.

“வகைன்னா எப்படிங்க?” என்று கேட்டாள்.

எழுத்தர் ஒரு அட்டையைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். “ஏழு வகை இருக்கு. ஒண்ணு, தாயின் மடி. ரெண்டு, பக்கத்து வீட்டு ஜன்னல். மூணு, பழுதான ரேடியோ. நாலு, மழை. அஞ்சு, கனவு. ஆறு, நோயில் படுத்திருந்தபோது. ஏழு, தந்தையின் ஊக்கம். நீங்க சொன்னதுல எது வருது?”

“நான் பியானோவுக்கு அடியில இருந்தேங்க.”

“பியானோவுக்கு அடியில்னு ஒரு வகை இல்லையே மேடம்.”

“‘இதர’ன்னு போட முடியாதா?”

“இருந்துச்சு. எல்லாரும் அதையே போட்டாங்க. எடுத்துட்டோம்.” அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, வானிலை சொல்வதுபோல் சொன்னார். “சாட்சி யாரு?”

“எங்க அக்கா.”

“உடன்பிறந்தவங்க சாட்சி செல்லாதுங்க. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஆர்வம் வந்திருந்தா, யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு தகராறு வரும். பெத்தவங்க உயிரோட இருந்தா அவங்கதான் சொல்லணும். அப்பா இருக்காரா?”

“இருக்கார்.”

“அப்புறம் என்னங்க? ஏழாம் வகை.” அவரே கட்டத்தில் குறி போட்டார். “அதிர்ஷ்டக்காரங்க நீங்க. மழைக்காரங்க எல்லாம் வானிலை ஆபீசுக்கு அலையறாங்க.”

விசாரணைக்குக் காத்திருந்த பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் கிட்டார் உறையோடு ஒரு தாடிக்காரர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெற்றோர் இறந்துவிட்டதால், வாரியமே தன் பட்டியலிலிருந்து அவருக்கு ஒரு தந்தையை ஒதுக்கியிருந்தது. விருப்ப ஓய்வு பெற்ற வரித்துறை அதிகாரி.

“நல்ல மனுஷர்மா” என்றார் தாடிக்காரர். “போன வாரம்தான் பழக்கம். சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் கச்சேரி காட்டினாராம். எழுதிக் குடுத்ததை அவர் படிக்கப் படிக்க எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

“பரவாயில்லையே.”

“ஒரே ஒரு சங்கடம். என்னைவிட ரெண்டு வயசு சின்னவர்.”

“அதை ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டாங்க. எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க. உயரம் சரியா இருக்கு, தூக்கியிருக்கலாம்னு எழுதிட்டாங்க.”

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பதிவாளர் அம்மாள், இடப்பக்கம் உணர்ச்சி ஆய்வாளர், வலப்பக்கம் நேரக் கருவியோடு ஒருவர். மூலையில் ஒரு நல்ல பியானோ இருந்தது. அதன்மேல் கோப்புகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

“உங்க சிறு வயசை நாலு நிமிஷத்துல சொல்லணும்” என்றார் பதிவாளர் அம்மாள். “ரெண்டாவது நிமிஷத்துக்கும் மூணாவது நிமிஷத்துக்கும் நடுவுல கண்ணு ஈரமாகணும். வழியணும்னு அவசியமில்லை.”

“அதைச் சொல்றதைவிட வாசிச்சே காட்டிடறேனுங்க. அடியில இருந்து கேட்டதைத்தான் பாட்டா எழுதியிருக்கேன். அந்தப் பியானோவுல...”

பந்தியில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இங்க யாரும் பாடக் கூடாதும்மா” என்றார் பதிவாளர் அம்மாள், கண்டிப்பைக் கொஞ்சம் இனிப்பில் தோய்த்து. “பாட்டைக் கேட்டுட்டா எங்களுக்குப் பாரபட்சம் வந்துடும். சிலது நல்லா இருந்து தொலைச்சிடும். அப்புறம் நடுநிலையா முடிவெடுக்க முடியாது. பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு பாட்டு என் காதுல விழுந்ததில்லை. அவ்வளவு நேர்மையா நடத்திட்டு வர்றோம்.”

சின்னவள் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் வறண்டிருந்தது. ஒருவேளை ஆறு வயதிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டதோ என்னவோ. ஆய்வாளர் எட்டிப் பார்த்தார், பக்கவாட்டில் வந்து பார்த்தார், டார்ச் அடித்தும் பார்த்தார். கடைசியில் எழுதினார்: ‘பால்யம் உண்டு. ஈரம் இல்லை. தந்தையை நேரில் விசாரித்து நிறைவு செய்யலாம்.’

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தாள். வாரத்தில் ஒரு நாள் செய்வதுதான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கால் வீக்கம் எப்படி இருக்கு. முப்பது ஆண்டுகளாக அவள் அவரிடம் கேட்டதெல்லாம் இந்த வரிசையில் அடங்கிவிடும். கேட்காதது ஒன்றுதான். அக்காவிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ‘தப்பு பண்ணிட்டேன்’ என்று சொல்லுங்கள் என்று அவரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது நாக்கு நுனிவரை வரும்; மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு உள்ளே போய்விடும். அப்பாவோடு இருப்பவள் அக்கா. சமைத்துப் போடுகிறவளும், வீங்கிய காலை வெந்நீரில் வைத்துவிடுகிறவளும் அவள்தான். இவள் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடலாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அனுபவிக்கப்போகிறவள் அக்கா.

அன்றும் அதைக் கேட்கவில்லை. வாரியத்தைப் பற்றிச் சொன்னாள்.

“நான்தான் ஊக்கம் குடுத்தேன்னு எழுதியிருக்காங்களா?” அப்பாவின் குரல் பத்து வயது குறைந்தது. “கவர்மென்ட்டே சொல்லுதா? எனக்குத் தெரியும்டா. யாராவது ஒருத்தர் என்னிக்காவது கண்டுபிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.”

அப்பாவின் வீட்டைப் பார்க்க வாரியத்திலிருந்து வேறோர் ஆய்வாளர் வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கும்முன் நாடாவை எடுத்து அளந்தார். தந்தையின் கட்டிலிலிருந்து பியானோ வரை பதினோரு அடி. ‘ஊக்கம் எட்டக்கூடிய தூரம்’ என்று குறித்துக்கொண்டார். பியானோவுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னாள் சின்னவள். “அது படிவத்துல இல்லைங்க” என்று பணிவாக மறுத்துவிட்டார்.

“இந்த மூடி அடிக்கடி மூடின மாதிரித் தெரியுதே. ஓரத்துல விரிசல்.”

“நான்தான் மூடுவேன்” என்றார் அப்பா, நாற்காலியில் நிமிர்ந்து. “சும்மா சும்மாத் திறந்து போட்டா வீணாகிடும் இல்ல?”

“அருமை.” ஆய்வாளர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “வாத்தியத்தின்பால் தந்தை காட்டிய அக்கறை. தூசி படியாமல் தம் கையாலேயே மூடிப் பாதுகாத்தார்.”

அக்கா டீ கொண்டுவந்தாள். கோப்பையை வலக் கையால் நீட்டி, இடக் கையால் தட்டைத் தாங்கியிருந்தாள். தட்டின் விளிம்பில் மூன்று விரல்கள்தான் தெரிந்தன. ஆய்வாளர் பார்த்தார்.

“இது என்னம்மா?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அது சின்ன வயசுல. கவனக்குறைவு.”

“ஆமாங்க” என்றாள் அக்கா. “சர்க்கரை போதுமா பாருங்க.”

‘வீட்டில் மற்றொரு பெண். இசைக்குத் தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டு, சர்க்கரை போதும் என்றார் அவர்.

சமையலறையில் சின்னவள் பொருமினாள். “இதுல நான் கையெழுத்துப் போடணுமாம்க்கா. ‘என் தந்தையின் ஊக்கத்தால் மட்டுமே’ன்னு அச்சடிச்சிருக்கு. மட்டுமேவாம்.”

“போட்டுத் தொலை. ஒரு காகிதம். அதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு.”

“பொய்க்கா அது.”

“பொய்தான். மாசக் கடைசிக்கு அப்புறம் நிஜத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? நிஜம் வந்து ஓட்டல்ல பாடுமா?” அக்கா கோப்பையைக் கழுவினாள். அவளுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. வலக் கை பெட்டியைத் தள்ள, இடக் கை துணியை நீவும். நிமிராத இரண்டு விரல்களும் துணியில் மாட்டாமல் இருக்க ஒரு விதமாகச் சாய்த்து நீவுவாள். “கடையில ரேடியோ ஓடும். உன் பாட்டு வந்தா முதலாளியே சத்தம் வெப்பார். அதை நிறுத்திடாதடி.”

“அவரு என்னிக்காவது உன்கிட்ட...”

“எதை?”

“உனக்குத் தெரியும் எதைன்னு.”

அக்கா குழாயை மூடினாள். “அவருக்கு அதெல்லாம் மறந்துடுச்சு குட்டி.”

“உனக்கு?”

“நான் ஒரு நாளைக்கு நூத்திருபது சட்டை தேய்க்கறேன்” என்றாள் அக்கா.

சின்னவள் கையெழுத்துப் போட்டாள்.

சான்றிதழைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். அதற்கு விழா உண்டு. வாரியத்தின் பெரிய அரங்கில் இருநூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையில் கலைஞர்களுக்கு ஸ்டூல். அவர்களை ஊக்குவித்தவர்களுக்குக் கைவைத்த நாற்காலி. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். அக்காவே தேய்த்துக் கொடுத்தது. கழுத்தில் ‘ஊக்குநர்’ என்று பொறித்த பதக்கம். அக்காவின் சட்டையிலும் ஒரு அட்டை குத்தியிருந்தார்கள்: ‘உடன்பிறந்தவர். பார்வைக்கு மட்டும்.’ அவளைப் பதினாறாம் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

விழா அலுவலர் ஸ்டூல் ஸ்டூலாக வந்து ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை கொடுத்தார். “கடைசியா நீங்க உங்க ஊக்குநர்கிட்ட ஒரு வேண்டுகோள் வெப்பீங்க. அதுதான் மரபு. வேண்டுகோள் இதுல இருக்கு. ‘என்னை மேலும் ஊக்குவிக்குமாறு வேண்டுகிறேன்.’ அவர் ‘ஆகட்டும்’னு சொல்வார். உடனே சான்றிதழ் கைக்கு வரும்.”

“நம்ம வார்த்தையில கேக்கலாமா?” என்றார் தாடிக்காரர்.

“போன வருஷம் ஒருத்தர் ‘தயவுசெய்து’ன்னு ஒண்ணைச் சேர்த்துட்டார். அஞ்சு வருஷத்துக்கு அவர் வாயைத் திறக்க முடியாது. பாத்துக்குங்க.”

வாரியத் தலைவர் பேச எழுந்தார். குரல் கணீரென்று இருந்தது. “நண்பர்களே, பாட்டு வரும், போகும். காத்துல கரைஞ்சிடும். ஆனா கோப்பு கரையாது! சென்ற ஆண்டு நானூற்றுப் பன்னிரண்டு பால்யங்களுக்குச் சான்று கொடுத்தோம். அதில் நானூற்றொன்பது ஒரே மாதிரி இருந்தன. இதைத்தான் தரம் என்கிறோம். மீதி மூன்று பேரையும் திருத்தி எழுதி வரச் சொல்லியிருக்கிறோம்.” கைதட்டல். “சிலர் கேட்கிறார்கள், வாரியம் தொடங்கிய பிறகு பாடுபவர்கள் குறைந்துவிட்டார்களே என்று. நான் சொல்கிறேன், அதுதான் வெற்றி! காரணமில்லாமல் பாடியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். இன்னும் நாலைந்து வருடத்தில் ஒருவரும் பாடாத நிலையை எட்டிவிட்டால், புகாரே இல்லாத துறையாக இது திகழும்.”

தாடிக்காரர் எழுந்து, தன்னைவிட இரண்டு வயது இளைய தந்தையிடம் மேலும் ஊக்குவிக்குமாறு வேண்டினார். தந்தை ஆகட்டும் என்றார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். உண்மையிலேயே அழுதார்கள்.

அடுத்து அப்பாவை மைக் முன்னால் அழைத்தார்கள். ஊக்குநர் உரை, இரண்டு நிமிடம்.

“நான் ஆலையில வேலை பார்த்தவன்” என்று தொடங்கினார் அப்பா. “எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. ஆனா கண்டிப்பு தெரியும். பிள்ளைங்க கண்ட நேரத்துல வாசிக்கும். ஒரு நாள் போய் மூடியைப் படார்னு மூடினேன் பாருங்க.” கையால் காற்றில் மூடிக் காட்டினார். “அன்னிக்கு நான் மூடலேன்னா, இன்னிக்கு இவ இங்க நிக்க மாட்டா. அதுதான் ஊக்கம்.”

அவருக்கு மறந்திருக்கவில்லை.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பதிவாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது நிமிடம் முடிந்து மூன்றாவது தொடங்கியிருந்தது. சின்னவள் பதினாறாம் வரிசையைத் தேடினாள். எல்லோரும் நிற்கும்போது நிற்காமல் இருக்கத் தெரியாத அக்கா எழுந்து நின்றிருந்தாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்கத் தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தாள். இடக் கையின் மடங்கிய விரல்கள்மேல் வலக் கை போய்ப் போய் விழுந்தது. அதில் என்ன சத்தம் வரும்?

“கலைஞர் தம் வேண்டுகோளை வைக்கலாம்” என்றார் விழா அலுவலர்.

சின்னவள் எழுந்தாள். மைக் அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டது. மேசைமேல் சான்றிதழ் தயாராக இருந்தது, மை காய்ந்திருந்தது. நாளை காலை அதை ஓட்டல் மேலாளரிடம் நீட்டினால் போதும். அப்பா ‘ஆகட்டும்’ சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தார். அட்டையில் இருந்தது நாலே வார்த்தை. அதைப் படிக்க மூச்சுக்கூடப் பெரிதாக இழுக்க வேண்டியதில்லை.

அட்டையை ஸ்டூலின்மேல் வைத்தாள். விழா அலுவலர் முன்னால் ஓர் அடி வந்தார். பதினாறாம் வரிசையில் அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“அப்பா” என்றாள் சின்னவள். ஆயிரம் பேர் முன்னால் பாடியிருந்தாலும் குரல் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. “கீழ இறங்கிப் போங்கப்பா. அக்கா கையைப் பிடிச்சு, அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க.”